கப்பல் மோதுகையிலிருந்து பாலங்களைக் காத்தல்: பால்டிமோர் அனர்த்தம் உணர்த்தும் பாடங்கள்

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26 ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 'டாலி' என்ற கொள்கலன் கப்பல் புறப்பட்டது. அதன் அடுத்த துறைமுகம் கொழும்பு. செங்கடலில் நிலவிய தாக்குதல் அச்சம் காரணமாக, ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ நான்கு வாரங்கள் பயணித்து அது இலங்கையை வந்தடைய வேண்டியிருந்தது. கப்பலில் இருந்த 21 பணியாளர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். ஆனால், துறைமுகத்தின் வாயிலைக்கூட அக்கப்பல் தாண்டவில்லை. அதிகாலை 1.29 மணியளவில் பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தின் தூணொன்றில் அது மோதியது. சில விநாடிகளுக்குள் பாலத்தின் பிரதான பகுதி முழுவதும் ஆற்றில் சரிந்து வீழ்ந்தது.

அவ்வேளையில் பாலத்தின் மீது எட்டுப் பேர் இருந்தனர். வீதியில் ஏற்பட்டிருந்த குழிகளை நிரப்பும் பணியில் ஈடுபட்டிருந்த அவர்களில் அறுவர் உயிரிழந்தனர். மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சல்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பிறர் உறங்கும் வேளையில் பிறர் செல்லும் வீதியைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். கடல் கடந்து உழைக்கச் சென்ற பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த எமது நாட்டவருக்கு, அந்த ஆறு குடும்பங்களின் துயரத்தை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இவ்விபத்துத் தவிர்க்க முடியாததொன்றா? இல்லை என்பதே விசாரணைகளின் முடிவாகும். கப்பல்கள் பாலங்களில் மோதுவது புதிதல்ல. அத்தகைய மோதுகையிலிருந்து பாலங்களைக் காக்கும் வழிவகைகளும் நீண்ட காலமாக அறியப்பட்டவையே. அறிந்திருந்தவை செயலுக்கு வராமற் போனமையே பால்டிமோரின் சோகம்.

நான்கு நிமிடங்களுக்குள் நிகழ்ந்தவை

'டாலி' 2015 ஆம் ஆண்டு கட்டப்பட்ட, சுமார் 300 மீற்றர் நீளமான கப்பல். ஏறத்தாழ 10,000 கொள்கலன்களைச் சுமக்கும் ஆற்றல் கொண்டது. துறைமுகத்திலிருந்து அதனை இழுத்து வந்த இரண்டு இழுவைப் படகுகளும் கப்பல் கால்வாயை அடைந்ததும் வழமைபோல விலகிச் சென்றுவிட்டன. பாலத்துக்கு ஒரு கிலோமீற்றர் தூரம் இருக்கையில் கப்பலின் மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டது. குளிரூட்டும் நீரை வழங்கும் பம்பி நின்றதால் பிரதான இயந்திரம் தானாகவே நின்றது. பணியாளர்கள் மின்சாரத்தை மீட்டெடுத்தபோதிலும், சற்று நேரத்தில் இரண்டாவது தடவையும் கப்பல் இருளில் மூழ்கியது. சுக்கானை உரிய வகையில் இயக்க வலுவின்றி, பாலத்தின் தூணை நோக்கி அது மெல்ல விலகிச் சென்றது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இது குறித்து நீண்ட விசாரணை நடத்தி, 2025 நவம்பரில் தனது முடிவை வெளியிட்டது. முதலாவது மின்தடைக்குக் காரணம், மின்கட்டுப்பாட்டுப் பலகையொன்றில் இறுக்கமின்றி இருந்த ஒரேயொரு மின்கம்பி. கம்பியை அடையாளம் காண்பதற்காக அதில் மாட்டப்பட்டிருந்த சிறு பெயர்ப்பட்டி உரிய முறையில் பொருத்தப்படாததால், அக்கம்பி இணைப்பினுள் முழுமையாகச் செல்லவில்லை. மின்பிறப்பாக்கிகளுக்கு எரிபொருளை வழங்குவதற்கு அப்பணிக்கென அமையாத பம்பி ஒன்றைப் பயன்படுத்தியமை இரண்டாவது தடைக்கு இட்டுச் சென்றது. ஒரு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பாரத்துடன் சென்ற கப்பலின் விதியை, விரலளவு பெயர்ப்பட்டியொன்று தீர்மானித்தது.

எனினும், சபை கப்பலோடு மட்டும் நின்றுவிடவில்லை. பெருங்கடற் கப்பல்கள் மோதும் ஆபத்திலிருந்து பாலத்தைக் காப்பதற்கான ஏற்பாடுகள் இல்லாமையும் பாலத்தின் வீழ்ச்சிக்கும் உயிரிழப்புக்கும் பங்களித்ததாக அது சுட்டிக்காட்டியது. எமது கவனத்துக்குரிய விடயம் இதுவேயாகும். இயந்திரங்கள் என்றாவது ஒருநாள் பழுதடையும். மனிதர் என்றாவது ஒருநாள் தவறிழைப்பர். அந்த ஒருநாளில் பாலம் நிலைத்து நிற்குமா என்பதே கேள்வி.

வரலாறு விடுத்த எச்சரிக்கைகள்

1975 ஜனவரி 5 ஆம் திகதி இரவு, அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில், துத்தநாகத் தாதினை ஏற்றிவந்த 'லேக் இலவாரா' என்ற கப்பல் தஸ்மான் பாலத்தின் தூண்களில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி கப்பலின் மீதே வீழ்ந்து அதனை மூழ்கடித்தது. கப்பற் பணியாளர் எழுவரும் வாகனங்களில் சென்ற ஐவருமாகப் பன்னிருவர் உயிரிழந்தனர். ஆற்றினால் பிரிக்கப்பட்ட நகரின் இரு பாதிகளும் மீண்டும் அப்பாலத்தினால் இணைவதற்கு 1977 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980 ஜனவரி 18 ஆம் திகதி சுவீடனில் 'ஸ்டார் கிளிப்பர்' என்ற கப்பல் மோதி அல்மோ பாலம் வீழ்ந்தது. பாலம் இல்லை என்பதை அறியாது இருளில் வந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீருள் வீழ்ந்ததில் எட்டுப் பேர் மாண்டனர். மோதுகையினால் அல்ல, எச்சரிக்கை இன்மையினாலேயே அவர்கள் மாண்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே ஆண்டு மே 9 ஆம் திகதி காலை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தம்பா விரிகுடாவை நோக்கி வந்த 'சமிட் வென்ச்சர்' என்ற சரக்குக் கப்பல், திடீரென மூண்ட புயல் மழையில் வழி தெரியாது சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதியது. பயணிகள் பஸ் ஒன்றும் பல வாகனங்களும் கடலில் வீழ்ந்து 35 பேர் பலியாகினர். பாலப் பொறியியலில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது இவ்விபத்தே.

பேராபத்து விளைவிக்கப் பெரிய கப்பல் வேண்டும் என்பதும் இல்லை. 1993 செப்டெம்பர் 22 ஆம் திகதி அலபாமா மாநிலத்தில் மூடுபனியில் வழிதவறிய இழுவைப் படகொன்று தள்ளிச் சென்ற தட்டைப் படகுகள் புகையிரதப் பாலமொன்றில் மோதி, அதனைச் சற்றே இடம்பெயரச் செய்தன. அடுத்த சில நிமிடங்களில் வந்த பயணிகள் புகையிரதம் தடம்புரண்டு 47 பேர் உயிரிழந்தனர். பால்டிமோர் விபத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 2024 பெப்ரவரி 22 ஆம் திகதி, சீனாவின் குவாங்சோ நகரில் வெறுமையாகச் சென்ற சரக்குப் படகொன்று லிசின்ஷா பாலத்தை இரண்டாகப் பிளந்ததில் ஐவர் உயிரிழந்தனர். அப்பாலத்தை மோதுகைக்கு எதிராக வலுப்படுத்தும் பணி தாமதமடைந்திருந்த நிலையிலேயே அவ்விபத்து நேர்ந்தது.

பாலம் ஏன் வீழ்கின்றது?

பாலமொன்று தன்மீது செல்லும் வாகனங்களின் பாரத்தையும் தனது சொந்தப் பாரத்தையும் கீழ்நோக்கித் தாங்குவதற்கென்றே முதன்மையாக அமைக்கப்படுகின்றது. காற்றினதும் நீரோட்டத்தினதும் பக்கவாட்டு விசைகளையும் தூண்கள் தாங்குகின்றன. ஆனால், கப்பலின் மோதுகை இவையனைத்தையும் விஞ்சியது. 'டாலி' மோதியபோது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் மட்டுமே. சைக்கிளில் செல்பவரின் வேகம் அது. ஆயினும், ஒரு இலட்சம் தொன் திணிவு அவ்வேகத்தில் கொண்டிருக்கும் சக்தியானது, 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் 20 தொன் பாரஊர்திகள் சுமார் இருநூறு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதுவதற்கு ஒப்பானது.

மேலும், கீ பாலம் தொடர் இரும்புச் சட்டகமாக அமைக்கப்பட்டது. அத்தகைய அமைப்பில் ஒரு பகுதி மற்றொன்றில் தங்கியிருப்பதால், தூணொன்று நீங்கினால் அடுத்துள்ள பகுதிகளும் வீழ்ந்துவிடும். 1977 ஆம் ஆண்டு அப்பாலம் திறக்கப்பட்ட காலத்தில், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களே ஏறத்தாழ 3,000 கொள்கலன்களைத்தான் சுமந்தன. இன்று 24,000 கொள்கலன்களுக்கு மேல் சுமக்கும் கப்பல்கள் கடலில் உலவுகின்றன. 1980 ஆம் ஆண்டிலும் கீ பாலத்தில் 'புளூ நகோயா' என்ற கப்பல் மோதியது. அப்போது சிறு சேதமே ஏற்பட்டது. அக்கப்பலைவிடப் பத்து மடங்கு பெரிதான 'டாலி' வந்தபோது பாலத்தின் பாதுகாப்பு மட்டும் அன்றிருந்தபடியே இருந்தது. பாலம் வளரவில்லை, கப்பல்கள் வளர்ந்துவிட்டன.

காக்கும் வழிகள்

மோதுகையிலிருந்து பாலத்தைக் காக்கும் வழிகளுள் தலையாயது, தூணைக் கப்பலின் பாதையிலிருந்து அகற்றி வைப்பதாகும். தூண்களுக்கிடையிலான தூரத்தை அதிகரித்து, இயலுமாயின் அவற்றைக் கரையிலோ ஆழம் குறைந்த நீரிலோ அமைத்துவிட்டால், வழிதவறும் கப்பல் தூணை எட்டுமுன்னரே தரைதட்டி நின்றுவிடும். புதிய பாலங்களில் மட்டுமே இதனைச் செய்ய இயலும்.

ஏற்கனவே நிற்கும் பாலங்களுக்கு வேறு வழிகள் உள்ளன. தூணைச் சுற்றிக் கற்களையும் மணலையும் கொட்டிச் செயற்கைத் தீவொன்றை அமைப்பது அவற்றுள் உறுதியானது. மோதவரும் கப்பல் அச்சரிவில் ஏறிச் சக்தியை இழந்து நிற்கும். கப்பலின் அடிப்பாகத்துக்கும் பெருஞ்சேதம் நேராது. ஆனால், அதற்குப் பரந்த இடம் தேவை. நீரோட்டமும் ஒடுங்கிவிடக்கூடும்.

இடம் குறைந்தவிடத்துப் பயன்படுவது, பொறியியலாளர் 'டொல்பின்' என அழைக்கும் தடுப்புத்தூண். எமது கடலில் துள்ளும் ஓங்கிலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. உருக்குத் தகடுகளை வட்டமாகக் கடலடியில் இறக்கி, உட்புறத்தை மணல், கல் அல்லது கொங்கிறீற்றினால் நிரப்பி அமைக்கப்படும் பெரும் உருளை இது. பாலத்தின் தூணுக்குச் சற்றுத் தொலைவில் காவலாளி போல நின்று, மோதுகையைத் தான் ஏற்றுக்கொள்ளும். 1987 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைச் சுற்றி இத்தகைய 36 தடுப்புத்தூண்கள் அமைக்கப்பட்டன. டெலவெயர் நினைவுப் பாலத்தில் ஒவ்வொன்றும் 80 அடி விட்டமுள்ள எட்டுத் தடுப்புத்தூண்களை அமைக்கும் பணி, பால்டிமோர் விபத்துக்கு முன்னரே, 2023 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. கீ பாலத்துக்கும் நான்கு தடுப்புத்தூண்கள் இருந்தன. ஆனால், அவை சிறியவை. தூண்களின் முன்னும் பின்னுமாக மட்டும் நின்றவை. பக்கவாட்டாகச் சாய்ந்து வந்த 'டாலி' அவற்றைத் தொடாமலேயே தூணை அடைந்தது.

மூன்றாவது வகை, தூணோடு ஒட்டி அமைக்கப்படும் மரம், இறப்பர், உருக்கு என்பவற்றாலான தாங்கணை. 2007 நவம்பர் 7 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் கடும் மூடுபனியில் சென்ற 'கொஸ்கோ பூசான்' கப்பல் விரிகுடாப் பாலத்தின் தாங்கணையில் உராய்ந்தது. பாலம் பிழைத்தது. ஆனால், கப்பலின் பக்கம் கிழிந்து சுமார் 2 இலட்சம் லீற்றர் எண்ணெய் விரிகுடாவில் கலந்தது. பாலத்தைக் காக்கும் அமைப்புக் கப்பலையும் ஓரளவு காக்க வேண்டும் என்ற உண்மையை அது உணர்த்தியது. 2021 ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியதன் விளைவைக் கண்ட எமது கடற்றொழிலாளர், அந்த எண்ணெய்ப் படலத்தின் பொருளை நன்கறிவர். 'டாலி'யிலும் அபாயகரமான பொருட்கள் அடங்கிய 56 கொள்கலன்கள் இருந்தன.

இவற்றுக்கப்பால், செலவு குறைந்த வழிகளும் உள்ளன. பெருங்கப்பல்கள் பாலத்தைக் கடக்கும் வரை இழுவைப் படகுகள் உடன்செல்லுதல், வேகக் கட்டுப்பாடு, பனிமூட்டத்தில் கால்வாயை மூடுதல், கரையிலிருந்து கப்பல்களைத் தொடர்ந்து கண்காணித்தல் என்பன அவை. ஹோபார்ட்டில் பெருங்கப்பல்கள் தஸ்மான் பாலத்தின் கீழ் செல்லும்போது மேலே வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுகின்றது. ஆயினும், கண்காணிப்பு மட்டும் போதுமானதல்ல என்பதற்கு டென்மார்க்கின் பெரும் பெல்ட் பாலம் சான்று. 2005 மார்ச் 3 ஆம் திகதி, மது அருந்திய அதிகாரியொருவர் செலுத்திய 'கரன் டேனியல்சன்' என்ற கப்பல் அப்பாலத்தின் மேற்குப் பகுதியில் மோதியது; அவ்வதிகாரியே உயிரிழந்தார். கரையிலிருந்து விடுக்கப்படும் அழைப்புக்குக் கப்பலில் பதிலளிக்க எவரேனும் இருக்க வேண்டும்.

கணக்கிட மறந்த ஆபத்து

சன்ஷைன் ஸ்கைவே அனர்த்தத்தின் பயனாக, அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் 1991 ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஆண்டொன்றில் எத்தனை கப்பல்கள் செல்கின்றன, அவற்றுள் ஒன்று வழிதவறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, வழிதவறிய கப்பல் தூணை எட்டும் வாய்ப்பு எவ்வளவு, எட்டினால் பாலம் வீழும் வாய்ப்பு எவ்வளவு என்ற வினாக்களுக்கான விடைகளைப் பெருக்கி, பாலத்தின் ஆபத்தைக் கணிக்கும் முறை அதில் விளக்கப்பட்டது. மிக முக்கியமான பாலமொன்றுக்கு, பத்தாயிரம் ஆண்டுகளில் ஒரு தடவைக்கு மேற்படாத ஆபத்தே ஏற்கத்தக்கது என அது வரையறுத்தது.

புதிய பாலங்களுக்கு இம்முறை கட்டாயமாகியது. பழைய பாலங்களையும் இவ்வாறு கணிக்குமாறு பரிந்துரைக்கப்பட்டதேயன்றி, கட்டாயப்படுத்தப்படவில்லை. கீ பாலத்துக்கு அக்கணிப்பு ஒருபோதும் செய்யப்படவில்லை. விபத்தின் பின்னர் பாதுகாப்புச் சபை அதனைச் செய்து பார்த்தபோது, ஏற்கத்தக்க அளவிலும் பார்க்க ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்தில் அப்பாலம் இருந்தமை வெளியாயிற்று. 2025 மார்ச்சில் சபை வெளியிட்ட அறிக்கை, அத்தகைய கணிப்பு நிறைவேற்றப்படாத மேலும் 68 பாலங்களை 19 மாநிலங்களில் இனங்கண்டது. உலகப் புகழ்பெற்ற கோல்டன் கேட், புரூக்ளின் பாலங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவை வீழ்ந்துவிடும் என்பது இதன் பொருளல்ல. வீழுமா என்று எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்பதே பொருள்.

கணக்கிடாமையின் விலை என்ன? துறைமுகக் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட 2024 ஜுன் 10 ஆம் திகதி வரை சென்றது. புதிய பாலத்துக்கான செலவு 430 கோடி முதல் 520 கோடி டொலர் வரையாகும் என்றும், 2030 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே அது திறக்கப்படும் என்றும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. தடுப்புத்தூண்களுக்கு ஆகக்கூடிய செலவு இதில் ஒரு சிறு பகுதியே.

எட்டாத எச்சரிக்கை

பால்டிமோரில் இன்னுமொரு பாடமும் உண்டு. கப்பல் கட்டுப்பாட்டை இழந்தமையை உணர்ந்த வழிகாட்டி மாலுமிகள் உடனடியாக அபாய அறிவிப்பு விடுத்தனர். பொலிஸார் மிக விரைவாகச் செயற்பட்டுப் பாலத்தின் இரு முனைகளிலும் வாகனங்களைத் தடுத்து நிறுத்தினர். நாளாந்தம் 30,000 இற்கும் மேற்பட்ட வாகனங்கள் சென்ற பாலத்தில், ஒரு பயணிகூட உயிரிழக்காமைக்கு அதுவே காரணம். ஆனால், அந்தச் செய்தி பாலத்தின் நடுவில் இருந்த தொழிலாளரை உரிய வேளையில் எட்டவில்லை. துணைக்கு மற்றொருவர் வந்ததும் பாலத்தின்மீது சென்று அவர்களை அழைத்துவரப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் ஆயத்தமாக இருந்த கணத்திலேயே பாலம் வீழ்ந்தது. வாகனங்களை நிறுத்துமாறு கூறப்பட்ட அதே வேளையில் தொழிலாளருக்கும் அறிவிக்கப்பட்டிருந்தால், பாலத்தின் வீழாத பகுதிக்கு அவர்கள் சென்றிருக்க இயலும் என்பது விசாரணையாளரின் கருத்து. தொழிலாளரின் கையில் ஒரு வானொலித் தொடர்புக் கருவி இருந்திருக்குமாயின் நிலைமை வேறாகியிருக்கலாம். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது, இந்தச் சிறு கருவியையும் மறக்கலாகாது.

நாமும் சிந்திக்க வேண்டியவை

பெருங்கடற் கப்பல்கள் கீழாகச் செல்லும் பாலங்கள் இலங்கையில் இல்லை. கிண்ணியா, சங்குப்பிட்டிப் பாலங்களின் கீழ் மீன்பிடிப் படகுகளே செல்கின்றன. ஆயினும், எமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டுப் புயலையும் கண்ட பாம்பன் புகையிரதப் பாலத்தில், 2013 ஜனவரியில் இந்தியக் கடற்படைக்குரிய, இயந்திரமற்ற மிதவைக் கலமொன்று காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு மோதியது. அதனால் இராமேஸ்வரத்துக்கான புகையிரத சேவை தடைப்பட்டது. அப்பாலத்துக்குப் பதிலாக, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது.

இலங்கையையும் இந்தியாவையும் தரைவழியாக இணைப்பது பற்றி நெடுங்காலமாகப் பேசப்படுகின்றது. 2023 ஜுலையில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணத்திலும் அதன் சாத்தியப்பாட்டை ஆராய்வது பற்றிக் குறிப்பிடப்பட்டது. அத்திட்டத்தின் அரசியல், சூழலியல் சாதக பாதகங்கள் வேறாக விவாதிக்கப்பட வேண்டியவை. ஆனால், அந்தக் கடலில் என்றேனும் ஒரு பாலம் எழுமாயின், அதன் கீழும் அருகிலும் எத்தகைய கலங்கள் செல்லும், புயற்காலத்தில் கட்டறுந்த கலமொன்று எங்கு மிதந்து வரும், அப்போது பாலத்தின்மீது இருப்போருக்கு யார், எவ்வாறு அறிவிப்பார் என்ற வினாக்கள் வரைபட மேசையிலேயே எழுப்பப்பட வேண்டும். பாலம் எழுந்த பின்னர் எழுப்பப்படும் வினாக்களுக்கு விடை காண்பது கடினம். வீழ்ந்த பின்னர் எழுப்பப்படுபவை விசாரணை அறிக்கைகளாகவே முடிகின்றன.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் போதுமானதாக இருந்த பாதுகாப்பு இன்றும் போதுமானதா என்று காலத்துக்குக் காலம் வினவுவது, பாலங்களுக்கு மட்டும் உரிய கடமையன்று. அணைக்கட்டுகள், புகையிரதக் கடவைகள், மருத்துவமனைக் கட்டடங்கள், பாடசாலைச் சுவர்கள் யாவற்றுக்கும் அது பொருந்தும். அந்த வினாவை எழுப்புவதற்கு ஓர் அனர்த்தம் நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வாறு காத்திருப்பதன் விலையைச் செலுத்துவோர், பெரும்பாலும் தீர்மானம் எடுப்பவர்கள் அல்லர். நள்ளிரவில் வீதிக் குழிகளை நிரப்பிக் கொண்டிருக்கும் மனிதர்களே அதனைச் செலுத்துகின்றனர்.